எங்கே, இருமிக் காட்டு!

கொல்லிமலையில் செல்போன் கோபுரம் எதற்காக நட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அங்கேதான் ஸ்பீக்கரக்கா இருந்தாரே! செம்மேடு பஸ் ஸ்டாண்டில் அவர் ஒரு 'அலோ' சொன்னால், மலைப்பாதையின் கடைசி வளைவில் ஏறிக்கொண்டிருக்கும் லாரி ஒதுங்கி நின்று வழி விடும்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி அவருக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. ஒரு நாளிதழுக்கு நான் மலைச் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு மூன்று வேளையும் அங்கேதான். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கடையில் மட்டும் புழங்கியது. ஊருக்கு அவர் ஸ்பீக்கரக்கா. போனைக் காதில் வைத்து அவர் பேசி யாரும் பார்த்ததில்லை. அழைப்பு வந்ததும் ஸ்பீக்கரைப் போட்டு, போனைக் கடுகு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, தோசைக்கல்லைப் பார்த்தபடி பேசுவார். கணவர் போர்வெல் வண்டியோடு வடநாட்டில் இருந்தார். புருஷன் பெண்டாட்டி சண்டைகூட ஸ்பீக்கரில்தான். தோசைக்குக் காத்திருக்கும் டிரைவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள்.

"எதுக்குங்க்கா ஊரே கேக்கப் பேசறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏனுங்க பேப்பர்க்காரரே, போனைக் காதுல வெச்சா பொய் பேசத் தோணுமுங்க. நாலு பேரு கேக்கறாப்ல பேசிப் பாருங்க, வாயி தானா நெசம் பேசும்."

பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் மறுத்துப் பேச முடியாத கருத்து அது. இன்னொரு தோசை போடச் சொன்னேன்.

அவருடைய ஒரே மகள் கோகிலா கோயமுத்தூரில் இயற்பியல் முதல் வருஷம். அந்தக் குடும்பத்திலிருந்து படிப்பதற்கு மலையிறங்கிய முதல் ஆள். இறங்கிச் சில மாதங்களிலேயே காய்ச்சலில் விழுந்தாள். விடுதியிலிருந்து அழைப்பு வந்தபோது நான் களியில் குழி பறித்துக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ஒடம்பெல்லாம் கொதிக்குது. வந்து கூட்டிட்டுப் போம்மா."

"எங்கே, இருமிக் காட்டு கண்ணு."

இருமினாள். பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது.

"வறட்டு இருமலுங்க்கா" என்றார் நாமக்கல் வண்டி டிரைவர்.

"யோவ், உனக்கு உன் வண்டிச் சத்தமே புரியறதில்ல. இது நெஞ்சுச் சளி" என்றார் கண்டக்டர்.

"இன்னொருக்கா இருமு சாமி. இவங்களுக்குச் சரியாக் கேக்கலையாம்."

"அம்மா! அங்க யாரெல்லாம் இருக்காங்க?"

"யாருமில்ல கண்ணு. நம்ம பஸ் ஸ்டாண்டு மட்டுந்தான்."

உடனே டாக்டரிடம் போகச் சொன்னார். அடுத்து வார்டன் மாட்டினார். அந்த அம்மாள் முதல்நாள் ரொம்ப விறைப்பாகத்தான் பேசினார்.

"யாரும்மா பின்னாடி ஹாரன் அடிக்கிறது?"

"நாமக்கல் வண்டிங்க மேடம். கெளம்புது. அதுக்குள்ள சொல்லிப்போடுங்க, புள்ள என்ன சாப்பிட்டா?"

"அரை இட்லி."

"அரை இட்லியா!" என்று கடைப் பெஞ்சு மொத்தமும் அலறியது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். அந்த வாரம் முழுவதும் வார்டனின் இட்லி அறிக்கை தெரியாமல் நாமக்கல் வண்டி நகரவில்லை. அவள் முழுதாக இரண்டு இட்லி சாப்பிட்டதாக வார்டன் சொன்ன அன்று, குச்சிக்கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் விசிலடித்தார்கள். வார்டனும் மறுமுனையில் சிரித்ததாக ஞாபகம்.

ஆனால் மறுநாளே காய்ச்சல் ஏறியது. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று கோகிலாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கண்டக்டர் ஜெயித்ததில் கண்டக்டருக்கே சந்தோஷம் இல்லை.

சேதி கேட்டு ஆலத்தூர் நாட்டிலிருந்து அக்காவின் அண்ணன் ஜீப்பில் வந்து இறங்கினார். கோகிலாவுக்குத் தாய்மாமன். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகன் இருந்தான் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

"நான் போயிப் புள்ளையக் கூட்டிட்டு வந்தர்றேன். ஊட்டுல வெச்சுப் பாத்துக்கலாம். படிச்ச வரைக்கும் போதும் அம்மிணி. பொட்டப்புள்ளைக்கு அந்த ஊரு ஒத்துக்கலைன்னு காய்ச்சலே சொல்லிப்போடுச்சு."

தோசைக் கரண்டியோடு அக்கா வெளியே வந்தார்.

"பலாப்பழம் லோடு எறக்கறோமுங்ணா. எப்பத் திருப்பி அனுப்புவாங்க? அழுகினாத்தான் அனுப்புவாங்க. எம்புள்ள அழுகிப் போகலீங்ணா, காய்ச்சல்ல படுத்திருக்கா. எந்திரிச்சுப் படிப்பா."

"அப்ப நீயாவது போயிப் பாரு! பெத்தவளா நீ?"

"போகமாட்டேன்."

போகாமல் இருப்பார் என்று நாங்களும் நினைக்கவில்லை. கல்லாப்பெட்டிக்குக் கீழே துணிப்பை தயாராக இருந்ததை நான் பார்த்திருந்தேன்.

"நான் போனா அவ எம்மடியில படுத்துக்குவா. 'ஊட்டுக்குப் போலாம்மா'ம்பா. எனக்கும் மனசு கேக்காது, கூட்டியாந்துருவேன். அவ காய்ச்சல் எறங்கறதுக்குள்ள நீங்க பந்தக்கால் நட்டுப்போடுவீங்க. டாக்டர் வான்னு சொன்னா அடுத்த வண்டி ஏறுவேன். நீங்க சொல்லி ஏறமாட்டேன்."

சொன்ன கையோடு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். கடுகு டப்பா, ஸ்பீக்கர், பெஞ்சு நிறைய ஆட்கள். நல்லவேளை, டாக்டரே பேசினார். மருந்து வேலை செய்கிறது, நாளைக்குள் காய்ச்சல் இறங்கிவிடும், விடுதித் தோழி கூடவே இருக்கிறாள் என்றார்.

"ஏனுங் டாக்டரே, நான் வரோணுமுங்களா? வந்தா அது புள்ளைக்கு நல்லதுங்களா, எனக்கு நல்லதுங்களா?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "உங்களுக்குத்தாம்மா நல்லது."

"அப்ப வேண்டாமுங்க."

அண்ணன் ஜீப்பைக் கிளப்பிய வேகத்தில் எழுந்த புழுதி எங்கள் சாம்பாரில் விழுந்தது.

அன்று சாயங்காலம் கோகிலாவே அழைத்தாள். அக்கா கடுகு டப்பாவைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். பிறகு, நான் செய்தியாக அனுப்பியிருக்க வேண்டிய ஒரு காரியத்தைச் செய்தார். போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு கடைக்குப் பின்புறம் போனார்.

"ஸ்பீக்கர் ரிப்பேருங்களா?" என்று டிரைவர் கவலையோடு கேட்டார்.

கை கழுவும் குழாய் பின்புறம்தான் இருக்கிறது. நான் அங்கே நின்றிருந்தேன். சுவரைப் பார்த்து நின்றிருந்த அவர் என்னைக் கவனிக்கவில்லை. அவருக்கு அப்படி ஒரு மெல்லிய குரல் உண்டு என்பதே எனக்குப் புதிது.

"பயமா? எனக்கா? இல்ல சாமி… அம்மாளுக்கு என்ன பயம்… சாப்பிட்டேன், நல்லா சாப்பிட்டேன்… ராத்திரி நல்லாத் தூங்கறேன்… ஆமா கண்ணு."

காலையிலிருந்து அவர் ஒரு டம்ளர் காப்பிகூடக் குடிக்கவில்லை என்பது கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் தெரியும். காதில் வைத்துப் பேசினால் என்ன வரும் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். குழாயைத் திறக்காமல், சத்தம் போடாமல் திரும்பிவிட்டேன்.

டாக்டர் சொன்னபடியே காய்ச்சல் இறங்கியது. கோகிலா மீதிப் பாடங்களைப் படுத்துக்கொண்டே படித்துப் பரீட்சை எழுதினாள். பொங்கல் லீவுக்குத்தான் மலையேறினாள். எழுபது வளைவும் சுற்றிவந்த கிறுகிறுப்பில், பஸ்ஸிலிருந்து தள்ளாடி இறங்கியவளிடம் அக்கா கேட்ட முதல் கேள்வியை நான் எழுத வேண்டியதில்லை. அவள் இருமிக் காட்டினாள். பெஞ்சு திருப்தியடைந்தது.

மாமனும் வந்திருந்தார். "எளச்சுப்போயிட்டியே சாமி. இன்னுமா படிப்பு? போதாதா?"

"போதாதுங் மாமா!"

கடைசி வளைவு வரைக்கும் கேட்டிருக்கும். அது யாரிடமிருந்து வந்த குரல் என்று ஒருவரும் சந்தேகப்படவில்லை.

நான் இப்போது சேலத்தில், தனியறையில் இருக்கிறேன். போன மாதம் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது மலையிலிருந்து அழைப்பு வந்தது. பின்னணியில் ஹாரன் சத்தம்.

"நல்லாத்தான் இருக்கேனுங்க்கா" என்றேன்.

மறுமுனையில் தோசையைத் திருப்பிப் போடும் சத்தம் கேட்டது.

"ஏனுங்க பேப்பர்க்காரரே, போனைக் காதுலயா வெச்சிருக்கீங்க?"

அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. இருந்தாலும் ஸ்பீக்கரைப் போட்டேன். எழுந்து உட்கார்ந்து, பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்படி இருமினேன்.