ரெண்டு பூரி ஹைட்ரஜன்

மனைவிக்குத் தானே பாடம் நடத்துவதென்று மாயவன் முடிவெடுத்துவிட்டார். அவள் பாஸாகிவிடக் கூடாது என்பதுதான் நோக்கம்.

இதைக் கேட்டதும் மனிதரை வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். வில்லனாவதற்கும் கொஞ்சம் மூளை வேண்டும். மரக்காணம் உப்பளத்தில் மூட்டைகளை எடை போட்டு லாரியில் ஏற்றி அனுப்புகிற மேஸ்திரி அவர். பிளஸ் டூவில் வேதியியலைத் தட்டுத் தடுமாறிப் பாஸ் செய்தவர். அந்த ஒரு பாஸை வைத்துக்கொண்டு இத்தனை வருஷமாக வீட்டுக்குள் விஞ்ஞானியாக உலா வருகிறார். மனைவி சாமுண்டீஸ்வரி அதே வேதியியலில் மட்டும் ஃபெயில். அந்த வருத்தம் ஆறுவதற்குள் மாயவனுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். பாவம், ஒரு அடி போதாதென்று இன்னொன்று.

இப்போது, 2005-இல், அவள் அந்தப் பேப்பரை மறுபடி எழுதப் போகிறாளாம். பாஸானால் திண்டிவனத்தில் டீச்சர் ட்ரெயினிங். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். அப்புறம் மத்தியானம் உப்பளத்துக்கு வருகிற சுடுசோறும் மீன் குழம்பும் என்ன ஆவது? மாயவனின் உலகமே அந்தத் தூக்குச்சட்டிக்குள்தான் இருந்தது. அடுப்பைப் பற்ற வைக்கக்கூட அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதை ஆண்மைக்கு இழுக்கு என்று நினைத்தார்.

படிக்காதே என்று சொல்லவும் வழியில்லை. நிச்சயதார்த்தத்தன்று, பெண் வீட்டு பஜ்ஜியின் ருசியில் மயங்கி, "கல்யாணத்துக்கு அப்புறம் நானே படிக்க வைக்கிறேன்" என்று ஊரறிய வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தார். ஆகவே இந்தத் திட்டம். அவர் நடத்துகிற அழகில் அவளே பயந்துபோய்ப் புத்தகத்தை மூடிவிடுவாள். பழி வேதியியல் மேல் போகும்.

"சாமுண்டி, இனிமே நான்தான் உனக்கு வாத்தியாரு. எதுல சந்தேகம்?"

"அடிப்படையே புரியலைங்க. இந்த ஸ்டாய்க்கியோமெட்ரி. எதுகூட எது எவ்ளோ சேர்ந்தா எவ்ளோ கெடைக்கும்னு கணக்குப் போடறது."

"ப்பூ, இவ்ளோதானா? ஹைட்ரஜன் ஒரு கிலோ, ஆக்ஸிஜன் ஒரு கிலோ. சேர்த்தா தண்ணி ரெண்டு கிலோ. எழுதிக்கோ."

"மோல்னு ஒண்ணு இருக்குதே?"

"மோல்னா மூட்டை. எல்லா மூட்டையும் ஒரே எடை."

"அது எண்ணிக்கைன்னு போட்டிருக்குதுங்க, டஜன் மாதிரி. ஒரு டஜன் பூசணிக்காயும் ஒரு டஜன் எலுமிச்சம்பழமும் ஒரே எடையா இருக்குமா?"

தராசில் ஏறாத எதையும் மாயவன் நம்பியதில்லை. "எதிர்க்கேள்வி கேக்கறவங்க பாஸானதா சரித்திரமே இல்ல" என்று அதட்டினார்.

சாமுண்டீஸ்வரி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு மரமண்டைங்க. புக்குல பார்த்தா ஏற மாட்டேங்குது. செஞ்சு காட்டினா புரியும்."

"ஹைட்ரஜனுக்கு நான் எங்கடி போவேன்?"

"ரெண்டு பூரியை ஹைட்ரஜன்னு வெச்சுக்கலாம். ஒரு கரண்டி கெழங்கு ஆக்ஸிஜன். சேர்ந்தா ஒரு தட்டு டிபன். அதுதான் தண்ணி. மாவு அந்த டப்பாவுல இருக்குது."

மரமண்டை என்று அவளே ஒப்புக்கொண்டதில் மாயவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மாவு பிசையப் போனார். உண்மையில் மாவுதான் அவரைப் பிசைந்தது. அவள் காலை நீட்டி உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே சந்தேகம் கேட்டாள்.

"ஏங்க, எண்ணெய் காஞ்சப்புறம்தானே ஹைட்ரஜனைப் போடணும்?"

பூரி தீர்ந்து போய்க் கிழங்கு மிஞ்சியது. மாயவன் கரண்டியை ஆட்டினார்.

"பார்த்தியா? எது மொதல்ல தீருதோ அதோட வினை நின்னுடும். மிச்சம் இருக்கறது சும்மா கெடக்கும்."

அது சரியான பாடம். வாய் தவறி வந்துவிட்டது. அவள் சட்டென்று பென்சிலால் கோடு போட்டதை அவர் கவனிக்கவில்லை.

"இப்பவாவது புரிஞ்சுதா?"

"பூரியில புரிஞ்சுது. கொழுக்கட்டைன்னா எப்படி வருமோ, தெரியலையே."

கொழுக்கட்டையில் புரிந்தது. மீன் குழம்பில் புரியவில்லை. புளி தூக்கலாகிவிட, "அமிலம் மிஞ்சிப்போச்சுங்க" என்று உதட்டைப் பிதுக்கினாள். மறுநாள் மறுபடி வைத்தார். சோறு வடிக்கும்போது கஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்டு நொண்டினாரே தவிர, பாடத்தை நிறுத்தவில்லை. ஒரு முட்டாளை மேலும் முட்டாளாக்குகிற ஆனந்தம் அவருக்கு.

"எத்தினி தடவை சொன்னாலும் ஏறலப்பா. கட்டாயம் ஃபெயில்தான்" என்று உப்பளத்தில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டார். தன் கையால் வைத்த குழம்பைத் தானே சுமந்து வந்து, சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டே இதைச் சொன்னார் என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு வசந்தா மதில் மேல் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, குழம்பு வாசனை எங்க வீடு வரிக்கும் வருது. இன்னா விசேஷம்?"

"குழம்பு இல்லம்மா. இது வேதிவினை."

"எங்க வூட்டுக்காரருக்கும் அதைக் கத்துக் குடுங்களேன். வெந்நீர்கூட வைக்கத் தெரியாது."

"அதுக்கெல்லாம் இங்க இருக்கணும்மா" என்று மாயவன் கரண்டியாலேயே நெற்றியைத் தட்டிக் காட்டினார். குழம்பு மூக்கில் வழிந்தது. உள்ளே யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார்கள்.

பரீட்சை முடிந்தது. ரிசல்ட் அன்று மாயவனே மனைவியை பிரௌசிங் சென்டருக்கு அழைத்துப் போனார். ஆறுதல் சொல்ல ஒரு பிரசங்கமே தயார் செய்து வைத்திருந்தார். "படிப்பு எல்லாருக்கும் வந்துடாது" என்று ஆரம்பித்து, "சோறு போடற கைக்கு சர்ட்டிஃபிகேட் எதுக்கு" என்று முடிகிற பிரசங்கம். அதைப் பேச அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. திரையில் வந்த மார்க், அவர் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு.

"எப்படிடி? ஒரு கிலோவுக்கு ஒரு கிலோன்னா எழுதின?"

"அந்தக் கேள்வியேதாங்க வந்துது. ஒரு கிலோ ஆக்ஸிஜனுக்கு நூத்தி இருவத்தஞ்சு கிராம் ஹைட்ரஜன் போதும்னு எழுதினேன். ஆக்ஸிஜன் தீர்ந்துடுச்சுன்னா மிச்ச ஹைட்ரஜன் சும்மா கெடக்கும். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

மாயவனின் மனக்கண்ணில் திண்டிவனம் பஸ் ஹாரன் அடித்தது. தெருவுக்கு வந்ததும் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"சரி, போ, படி. நான் தடுக்கல. ஆனா நீ போயிட்டா வீட்டுல சமையல் யாரு செய்யறது? அதை மட்டும் சொல்லிட்டுப் போ."

சாமுண்டீஸ்வரி புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"நான் மட்டுமா படிச்சேன்? எனக்குத் தியரி, உங்களுக்குப் பிராக்டிகல். ரெண்டு பேருமே பாஸுங்க."