உலக்கைப் பட்டாளம்

தூங்கும்போதுகூட அட்டென்ஷனில் இருந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். எங்கள் விளாங்குடி அட்டென்ஷன் அண்ணன். முதல் உலகப் போரில் பஸ்ரா வரை போய் வந்தவர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். அவருடைய வண்டிமாடுகள் "அட்டென்ஷன்" என்றால்தான் நிற்கும். வேறு எப்படி அதட்டினாலும் பரவைச் சந்தை வரை போய்க்கொண்டே இருக்கும்.

அடுத்த யுத்தம் வந்தது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் எங்கள் ஊரில் ஏழு பேர் கிளம்பினோம். அண்ணன் எங்களை வற்றிய கண்மாய்க்குள் வரிசையாக நிறுத்தினார். பயிற்சிக்குத் துப்பாக்கி வேண்டுமே. மதினி வேலம்மாவிடம் போய் உலக்கை கேட்டார். ஊருக்கெல்லாம் கூலிக்குக் கம்பு குத்தித் தருகிறவர் அவர்.

"ஒலக்கைய நீங்க தூக்கிட்டுப் போயிட்டா, கம்ப யாரு குத்துவா கொழுந்தனாரே?"

அண்ணன் யோசிக்கவே இல்லை. உரல்களையும் கண்மாய்க்கு உருட்டச் சொல்லிவிட்டார்.

"ஆர்டர் ஆம்ஸ்" என்றால் தோளில் இருக்கும் துப்பாக்கியைத் தரைக்கு இறக்க வேண்டும். நாங்கள் உரலுக்குள் இறக்கினோம். உடனே கை மாற்றி இன்னொரு போடு. ஒவ்வொரு போடுக்கும் "உஸ்" என்று ஒரு மூச்சு. அண்ணன் போதும் என்கிற வரை நிறுத்தக் கூடாது. சந்தைக்குப் போகும் பெண்கள் கரையில் நின்று, அப்படியே புடைத்தும் கொடுத்துவிடச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருக்கும்.

"இவங்கள எவன் எடுப்பான்?" என்று வேலம்மாவும் கேட்டுவிட்டார்.

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. வெண்ணெய் தடவி வளர்த்த மீசையைப் பிடித்துக்கொண்டார். "ஏழு பேருல ஒருத்தன் திரும்பி வந்தாலும் இத எடுத்துர்றேன் மதினி."

மதுரை மைதானத்தில் தேர்வு. கையில் நிஜத் துப்பாக்கி. அண்ணன் வேலிக்கு வெளியே மீசையோடு நின்றார். சுபேதார் "ஆர்டர் ஆம்ஸ்" என்றார். ஏழு பேரும் இறக்கினோம். கை மாற்றினோம். மறுபடி இறக்கினோம். உஸ். போதும் என்று யாரும் சொல்லாததால் குத்திக்கொண்டே இருந்தோம்.

புழுதி பறந்து வெள்ளைக்கார அதிகாரியின் பூட்ஸை மூடியது. என்ன இது என்று அவர் கேட்டார். சுபேதார் நம் பக்கத்து ஆள். சல்யூட் அடித்து, கம்பு குத்துகிறார்கள் என்று இங்கிலீஷில் விளக்கினார். அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனாலும் ஏழு துப்பாக்கியும் ஒரே சத்தமாக விழுந்ததைக் கவனித்திருக்கிறார். ஆறு பேரை எடுத்துக்கொண்டார். என் நெஞ்சளவு மட்டும் தேறவில்லை.

மறுநாள் காலையில் நான் வைக்கோல் படப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அண்ணன் தேடி வந்துவிட்டார். மீசை இல்லாத முகம் உரித்த பனங்கிழங்கு மாதிரி இருந்தது.

"ஏன் மாப்ள ஒளியிற? மீச தானா வளந்துரும். ஒன் நெஞ்சத்தான் நாம வளக்கணும். எடு ஒலக்கைய."

அன்றிலிருந்து கண்மாய்க்குள் ஒரே ஒரு சிப்பாயை வைத்துப் பட்டாளம் நடந்தது. யுத்தம் முடிந்து ஆறு பேரும் கை கால் சேதமில்லாமல் ஊர் திரும்பினார்கள். வேலம்மா எல்லாருக்கும் கம்பங்கூழ் ஊற்றினார். நான் குத்திய கம்பு. நெஞ்சு மட்டும் கடைசி வரை வளரவில்லை.

இப்போது ஊருக்குள் மாவு மில் வந்துவிட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும்போது, யாரும் சொல்லாமலே என் குதிகால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன.