ஹேரியட்டின் சக்கர நாற்காலி

எங்கள் டன்ஹாலோவில் ஆலை இல்லை, வேலை இல்லை, ரயிலும் நிற்பதில்லை. சனிக்கிழமையானால் கார் நிறுத்த இடமும் இல்லை. எல்லாம் ஒரு சக்கர நாற்காலியின் புண்ணியம்.

குன்றின் மேல் இருக்கும் பழைய மனநல மருத்துவமனையைப் பூட்டி முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. பாதிக் கூரை உள்ளே விழுந்துவிட்டது. மீதிப் பாதி விழ நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது. மூன்றாம் வார்டில் துருப்பிடித்த சக்கர நாற்காலி ஒன்று உண்டு. காலையில் கிழக்கு ஜன்னலடியில் நிற்கும். மத்தியானம் கண்ணாடி பதித்த வெளிச்சக் கூரைக்குக் கீழே நிற்கும். சாயங்காலம் மேற்கு ஜன்னலுக்குப் போய்விடும். தள்ளுகிறவரை யாரும் பார்த்ததில்லை. ஆகவே தள்ளுவது ஹேரியட்.

ஹேரியட் யார்? இங்கே செத்துப்போன நர்ஸ். எப்படிச் செத்தாள்? ஒரு வாரம் தூக்கு, மறு வாரம் காய்ச்சல், கூட்டம் அதிகமாக இருந்தால் தீ விபத்து. சொன்னவர் லாயிட் ஃபென்விக். மூன்று வருடத்துக்கு முன் தரைவிரிப்பு விற்றுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஆவிகள் அவரோடு பேச ஆரம்பித்துவிட்டன. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, தலைக்கு நாற்பது டாலர் கட்டணம். இரவில் மட்டும் சுற்றிக்காட்ட மாட்டார்.

"ஹேரியட் பகல் ஷிப்ட்" என்பார்.

உண்மையில் அவருக்கு இரவில் அங்கே உலவும் ரக்கூன் பிராணி என்றால் பயம்.

வாசலில் தன்னார்வத் தீயணைப்புக்காரர்கள் பியரோகி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையை வெங்காயத்தோடு பொரித்து விற்பார்கள். ஜனங்கள் வெங்காயம் மணக்கும் கையோடு உள்ளே போய், இருட்டு வார்டில் பளிச்சென்று படம் எடுப்பார்கள். படத்தில் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் விழும். "ஆத்மாக்கள்!" என்பார் ஃபென்விக். முப்பத்தெட்டு வருடமாகப் பெருக்காத அறையில் நூறு பேர் நடந்தால் தூசி பறக்காதா என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டில் இதே தூசி பறந்தால் துடைப்பத்தை எடுப்பவர்கள்தான். இங்கே கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்கள்.

இது வரைக்கும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நாடின் ஷூப் வந்து மாட்டினாள்.

நாடின் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள். கணவன் இல்லை. ஒரே மகன் டெரில், இருபத்தாறு வயது. இரண்டு வருடம் முன்பு அவன் மனசு கலங்கிப்போய், சுவரோடு பேசி, சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்று பட்டினி கிடந்தான். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மெல்ல மெல்லத் தேறினான். இப்போது டயர் கடையில் வேலை, சனிக்கிழமைகளில் பந்தாட்டம். நாடினின் தாத்தாவும் இதே மூன்றாம் வார்டில், ஒன்பதாம் நம்பர் அறையில் கிடந்து செத்தவர். இதை அவளே ஃபென்விக்கிடம் சொன்னாள். ஒரு வாரம் கழித்து அதையே ஃபென்விக் அவளிடம் சொன்னார். நாடினுக்குப் புல்லரித்துவிட்டது.

"உங்க தாத்தாதான் பையனைப் பிடிச்சிருக்கார். மாத்திரை அவரை உள்ளேயே வச்சுப் பூட்டுது. வர்ற சனிக்கிழமை ஹேரியட் நாற்காலியை ஒன்பதாம் நம்பர் அறைக்குக் கொண்டுபோவா. போனா, மாத்திரையை நிறுத்திடுங்க. உத்தரவு வந்தாச்சுன்னு அர்த்தம்" என்றார் ஃபென்விக்.

இதைக் கேட்டு நாடினின் தங்கை ராக்ஸன் கொதித்துப்போனாள். ராக்ஸன் கூரை வேய்கிறவள். இடிந்த கூரை யார் தலையிலும் விழாமல் தார்ப்பாய் கட்ட ஊர்க்காரர்கள் அவளைத்தான் அமர்த்தியிருந்தார்கள். வாரத்தில் நாலு நாள் அந்தக் கட்டடத்தின் மேலேதான் இருப்பாள்.

"அக்கா, உனக்கு மூளை இருக்கா? மாத்திரைய நிறுத்தினா பழையபடி ஆயிடுவான்னு டாக்டர் தலபாடா அடிச்சுக்கிட்டாரே!"

"டாக்டருக்கு ஆவியப் பத்தி என்னடி தெரியும்?"

"தரைவிரிப்புக்காரனுக்கு மாத்திரையப் பத்தி என்ன தெரியும்?"

"அந்த நாற்காலி தானா நகருதே, அதுக்கு என்ன சொல்ற?"

ராக்ஸன் யோசித்தாள். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை அக்கா. கண்ணால் பார்க்க வேண்டும்.

"சரி. சனிக்கிழமை நானும் வரேன். அது தானா நகர்ந்தா மாத்திரைய நானே ஆத்துல கொட்டறேன். போதுமா?"

சனிக்கிழமை இருநூறு பேர். ஃபென்விக்குக்கு முகமெல்லாம் பல். பதினோரு மணிக்கு எல்லாரும் பார்க்க நாற்காலியைக் கிழக்கு ஜன்னலடியில் நிறுத்தினார்கள். மூன்று மணிக்குக் கதவைத் திறப்பது என்று பேச்சு. அதுவரை உள்ளே யாரும் போகக்கூடாது.

"பிரேக் சரியா இருக்கான்னு பாத்துட்டு வரேன்" என்று ராக்ஸன் கடைசியாகக் குனிந்தாள். குனிந்தவள், தள்ளுகிற கைப்பிடிகளின் அடிப்பக்கத்தில் எதையோ தடவிவிட்டு நிமிர்ந்தாள். அடிப்பக்கம் நிழல். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

வெளியே புல்வெளியில் ஜனங்கள் வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடினார்கள். கண்ணை மூடு என்று ஒருவன் சொன்னால், எதைப் பார்க்கக்கூடாது என்கிறான் என்று யோசிக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. நாலு மணிநேரம் முனகினார்கள். ஒருவர் குறட்டை விட்டார். அதையும் ஆவியின் குரல் என்று ஒரு அம்மாள் பதிவு செய்துகொண்டாள். நடுவில் ஃபென்விக் மட்டும் எழுந்து, "மேலுலகத் தொடர்பு தடைபடுது" என்று சொல்லிவிட்டுக் கட்டடத்தின் பின்பக்கம் போய் வந்தார்.

மூன்று மணி. கதவு திறந்தது. கிழக்கு ஜன்னலடியில் நாற்காலி இல்லை. ஃபென்விக் முன்னால் ஓட, ஜனங்கள் பின்னால் ஓட, ஒன்பதாம் நம்பர் அறைக்குள்ளே, ஜன்னல் அடைபட்ட அந்தக் கும்மிருட்டில், நாற்காலி நின்றது.

"ஐயோ தாத்தா!" என்று நாடின் மண்டியிட்டாள். ஜனங்கள் அழுதார்கள். ஃபென்விக் தன் சேவையின் உச்சத்துக்குப் போனார். அம்மாவோடு வந்திருந்த டெரிலை நடையின் வெளிச்சத்தில் இழுத்து நிறுத்தி, வலது உள்ளங்கையை அவன் நெற்றியில் அழுத்தி, "வெளியே வா!" என்று கத்தினார்.

கையை எடுத்தார்.

டெரிலின் நெற்றியில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. பளிச்சென்ற நீலம்.

கூட்டம் மூச்சை இழுத்தது. "தாத்தா நீலமா வராரு!" என்றார் ஒருவர்.

"தாத்தா இல்ல, என் பொடி" என்றாள் ராக்ஸன். இடுப்புப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினாள். "கூரையில நூல் அடிச்சுக் கோடு போடற நீலப்பொடி. ஒட்டினா ஒரு வாரத்துக்குப் போகாது. நாற்காலிக் கைப்பிடியில தடவி வச்சேன். எல்லாரும் கையத் தூக்குங்க பாக்கலாம்!"

இருநூறு பேரும் கையைத் தூக்கினார்கள். அதுவரை எது சொன்னாலும் செய்தவர்கள்தானே. ஃபென்விக் மட்டும் தூக்கவில்லை. கைகளைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் கால்சட்டை வானத்து நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

கடைசி வரிசையில் முகமூடியும் முதுகுப்பையுமாக மூன்று பேர் நின்றார்கள். அவர்கள் கைகளும் நீலம்.

"நீங்க யாருய்யா?" என்று கேட்டாள் ராக்ஸன்.

மூவரில் உயரமானவன் பெயர் கர்ட். தலையைச் சொறிந்தான். நெற்றியும் நீலமானது. "படம் எடுக்கிறவங்கம்மா. பாழடைஞ்ச ஆஸ்பத்திரியா தேடித் தேடி எடுப்போம். நிலக்கரி போடற ஓட்டை வழியா உள்ள வருவோம். எங்களுக்கு ஒரு சட்டம் இருக்கு. எதையும் எடுத்துட்டுப் போகமாட்டோம்."

"எடுத்துட்டுப் போகமாட்டீங்க. நகர்த்துவீங்களா?"

"வெளிச்சத்துக்குக் கொஞ்சம்... காலையில கிழக்கு ஜன்னல்ல அருமையா வெயில் விழும். சாயங்காலம் மேற்கு. சக்கர நாற்காலி இல்லாத படத்த எவன் பாக்கிறான்? பல ஊர்லருந்து வர்றோம். எல்லாரும் தள்ளுவோம்."

"நான் கூரை மேல உக்காந்து ஒரு மாசமா உங்களத்தான் பாக்கிறேன்" என்றாள் ராக்ஸன்.

முகத்தில் ரத்தமே இல்லாத ஃபென்விக் இதைக் கேட்டதும் உயிர் பெற்றார். "பாத்தீங்களா! இவங்கதான் நகர்த்தினாங்க! என் மேல எந்தத் தப்பும் இல்ல! நான் சும்மா தொட்டுப் பாத்தேன்!"

கர்ட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. திருடன் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பான். "யோவ், நாங்க வெளிச்சக் கூரைக்குக் கீழ வச்சுட்டுப் போனோம். ஒன்பதாம் நம்பர் ரூம்ல துளி வெளிச்சம் கிடையாது. அங்க கொண்டுபோய் எவனாவது நாற்காலிய வைப்பானா? படமா எடுக்கிறோம், ஊறுகாயா போடறோம்?"

முதலில் சிரித்தவன் டெரில். நெற்றியில் நீலக் கையோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு தீயணைப்புக்காரர்கள் சிரித்தார்கள். நாற்பது டாலர் கொடுத்தவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் ஃபென்விக்கைச் சுற்றி நின்றார்கள். அவர் தேய்த்துக்கொண்டே நழுவி, எந்த வழியாகப் போனார் தெரியுமா? நிலக்கரி ஓட்டை வழியாக.

"வாக்கா" என்றாள் ராக்ஸன். "எழுந்திரு. டெரிலுக்கு மாத்திரை நேரம்."

நாடின் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நேத்தே ஆத்துல போட்டுட்டேன்."

சிரிப்பு நின்றது.

"நாற்காலி நகரும்னு எனக்கு நிச்சயமாத் தெரியும்டி. அதான் முன்னாடியே..."

ராக்ஸன் இருவரையும் தன் லாரியில் ஏற்றி, மருந்துக்கடைக்கு விரட்டினாள். கடையை மூட இருபது நிமிடம் இருந்தது. கடைக்காரப் பெண்மணி கணினியைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"போன வாரம்தானே வாங்கினீங்க? அதுக்குள்ள என்ன ஆச்சு?"

நாடின், நாய் தின்றுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"ஒருத்தன் பேச்சக் கேட்டு நானே ஆத்துல கொட்டினேன்" என்றாள், வரிசையில் நின்ற எல்லார் காதிலும் விழும்படி.

கடைக்காரப் பெண்மணி டாக்டருக்குப் போன் போட்டாள். பத்து நிமிடத்தில் மாத்திரை வந்தது. டெரில் அங்கேயே தண்ணீர் வாங்கி விழுங்கினான். தவறிப்போனது இரண்டே வேளை. பிழைத்தான்.

வரிசையில் பின்னால் நின்ற ஒரு கிழவர் அவன் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல அருகில் வந்து, நாடினின் தோளைத் தொட்டார்.

"ஏம்மா, அந்த மனுஷன் இனிமே எந்த ஊர்ல உக்காருவார்னு தெரியுமா? என் மருமகளுக்கு ஒரு தடவை பாக்கணும்."

அந்தக் குன்றின் பின்சரிவில், புல்லுக்கு நடுவே, அங்கே செத்த நோயாளிகளின் பெயர் இல்லாமல் நம்பர் மட்டும் வெட்டிய நானூறு கல்லறைக் கற்கள் இருக்கின்றன. நாடினின் தாத்தாவும் அதில் ஒரு நம்பர். அந்த ஆட்களைக் கட்டிப்போட்டதும் பட்டினி போட்டதும் ஆவிகள் இல்லை, யோசிக்காத மனிதர்கள். அங்கே ஒருவரும் படம் எடுக்கப் போவதில்லை. நாற்காலி எதுவும் நகராத இடம் அது. ஆவிக்குப் பயப்படுகிறவர்களே, செத்தவர்கள் உங்களை ஒன்றும் செய்யமாட்டார்கள். உங்கள் பிள்ளையின் மாத்திரையை ஆற்றில் கொட்டச் சொல்கிறவன் உயிரோடுதான் இருக்கிறான்.