வெல்டர் சொன்ன “பாத்துக்கிறோம்”

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீங்களும் சித்தப்பாவும் தம்பிகளும் எப்படி இருக்கிறீர்கள், அப்பாவின் கோபம் இப்போது எந்த அளவில் இருக்கிறது என்பதை அறிய ஆவல். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் மாடியில் உங்கள் போன் அடித்தாலே அப்பா கீழேயிருந்து ஏறி வந்து “ஸ்பீக்கர்ல போடு” என்பார். அதனால்தான் கடிதம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் நான் ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்கும். சண்டைக்காரர்களைச் சமாதானம் செய்யும் இந்த மூன்று மாதப் பயிற்சியில் ஆறு வாரம்தான் ஆகியிருக்கிறது. அப்பாவிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் விண்ணப்பத்தில் பொறுப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது நீங்கள். “ஒன்பதாவதுல எழுந்து நின்னு பதில் சொல்ல வெட்கப்பட்டு பள்ளிக்கூடத்தையே விட்டவ, ரெண்டு கூட்டத்துக்கு நடுவுல என்னத்தைப் பேசப்போறா? சமாதானம் சொல்றதுக்கு வெளிநாடு எதுக்கு? வேலைக்கு லேட்டா போனா இங்கேயே தினமும் சொல்லலாமே” என்று அவர் கேட்டது என் காதிலேயே நிற்கிறது. திரும்பி வந்தால் பழையபடி விடுதியில் போர்வை மடிக்கும் வேலைதான். அந்த விடுதிக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுக் கற்ற மொழியை வைத்துத்தான் இங்கே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதால், போர்வைகள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனாலும் வேண்டாம் சித்தி.

முதல் நாளே சகுனம் சரியில்லை. அலுவலகம் மூன்றாவது மாடி என்றார்கள். நான் இரண்டாவது மாடியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சுற்றிலும் எல்லோரும் பேசாமல் சோகமாக இருந்தார்கள். சண்டையில் பாதிக்கப்பட்டவர்கள் போலிருக்கிறது என்று நானும் சோகமாக இருந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, வாயைத் திறக்கச் சொன்னார். அது பல் ஆஸ்பத்திரி. தப்பான இடம் என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் பல்லைச் சுத்தம் செய்துகொண்டு மேலே போனேன். எங்கள் தலைவி அம்மா என் சிரிப்பு நன்றாக இருக்கிறது என்றார். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் யாரைப் பார்த்தாலும் நல்லவர்கள் என்று நம்பிவிடுவார். என் தலையெழுத்து அங்கேதான் ஆரம்பித்தது.

இந்த ஊரில் தமிழ் பேசுகிறவர்கள் இரண்டு தெருவில் இருக்கிறார்கள். மேல்தெருக்காரர்கள் மூன்று தலைமுறையாக இருப்பவர்கள். கீழ்த்தெருக்காரர்கள் வேறு இடத்துச் சண்டையில் வீடு இழந்து போன வருடம் வந்தவர்கள். பள்ளிக்கூடத்துக்கு மேல்தெரு வழியாகப் போனால் ஐந்து நிமிடம். ஆனால் போன வருடம் இரண்டு தெருவுக்கும் கைகலப்பு ஆகி, மேல்தெரு வெல்டர் ஒரே நாளில் இரும்புக் கேட் செய்து நட்டுப் பூட்டிவிட்டார். அன்றிலிருந்து கீழ்த்தெருப் பிள்ளைகள் லாரி ஓடும் பெரிய ரோட்டைச் சுற்றிப் போகிறார்கள். ஒரு பையனுக்குக் கால் முறிந்தே போனது. அந்தக் கேட்டைத் திறக்கவைப்பதுதான் எங்கள் வேலை. என் வேலை, அவர்கள் பேசுவதைத் தலைவிக்கு மொழிபெயர்ப்பது.

இரண்டு தெருக்காரர்களையும் கூட்டிவைத்த முதல் கூட்டத்தில், கேட்டைத் திறக்கச் சொல்லிக் கீழ்த்தெருத் தையல்கார அக்கா நியாயமாகத்தான் கேட்டார். வெல்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார், விரலை ஆட்டினார். “வரட்டுமே! கேட்டைத் திறந்தே விடறோம். உங்க பிள்ளைங்க எங்க தெருவுல காலை வைக்கட்டும். நாங்க பாத்துக்கிறோம்!” தையல்கார அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். தலைவி என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறார் என்று கேட்டார். சித்தி, மிரட்டுகிறார் என்ற வார்த்தை அந்த மொழியில் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அவர் எதிரிலேயே சொல்லத் தைரியம் இல்லை. அதனால் உள்ளதை உள்ளபடி சொன்னேன்: “கேட்டைத் திறந்து விடுவார்களாம். பிள்ளைகள் அந்தத் தெரு வழியாக வரட்டுமாம். அவர்களே கவனித்துக்கொள்வார்களாம்.”

தலைவிக்குக் கண் கலங்கிவிட்டது. நேராகப் போய் வெல்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வெல்டர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, பத்து வருஷம் வெல்டிங் கண்ணாடி இல்லாமல் வேலை பார்த்தவர் மாதிரி முழித்தார். தினமும் எத்தனை மணிக்கு வந்து நிற்பார் என்று தலைவி கேட்க, அதையும் நான் தரையைப் பார்த்தபடி தமிழில் சொன்னேன்.

“நிக்கறதா? யாரு நிக்கறது?” என்றார் வெல்டர்.

தையல்கார அக்காவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வேகம் வந்ததோ, பையைக் கீழே வைத்தார். “நீங்கதாண்ணே. பாத்துக்கிறோம்னு நாலு பேர் முன்னால சொன்னீங்களே. ஏழரை மணிக்கு நின்னாப் போதும்.”

இல்லை, உங்கள் பிள்ளைகளை அடிப்போம் என்றுதான் சொன்னேன் என்று யாராவது கண் கலங்கிய ஒரு அம்மாவின் எதிரில் சொல்வார்களா? வெல்டர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

கேட் திறந்து பதினெட்டு நாள் ஆகிறது. அலுவலகம் கொடுத்த பச்சைச் சட்டை அவருக்கு வயிற்றில் பிடித்தது. தையல்கார அக்கா பிரித்துத் தைத்துக்கொடுத்தார். முதல் வாரம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றார். இரண்டாவது வாரம் ஒரு பாப்பாவின் அறுந்த செருப்பைக் கம்பி வைத்து முறுக்கிக்கொடுத்தார். இப்போது, சளி பிடித்த பிள்ளையை ஏன் அனுப்பினீர்கள் என்று கீழ்த்தெரு அம்மாக்களைத் திட்டுகிறார்.

எல்லாம் நன்றாகத்தான் போகிறது, நான்தான் நன்றாக இல்லை. அந்தக் கூட்டத்தை ஒலிப்பதிவு செய்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் வந்து, பதிவையும் என் மொழிபெயர்ப்பையும் ஒத்துப் பார்க்கப்போகிறார். அந்தக் குரலைக் கேட்டால் பச்சைக் குழந்தைக்கும் அது மிரட்டல் என்று தெரியும். ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லிக் கேட்டைப் பூட்டிவிட்டால், அந்தப் பிள்ளைகள் மறுபடி லாரிக்கு நடுவில் போகவேண்டும். என்னை அனுப்புவது பெரிதில்லை, அதை நினைத்தால்தான் சாப்பாடு இறங்கவில்லை. அவர் கண்டுபிடிக்கும் முன்பே நானே எழுந்து உண்மையைச் சொல்லி, தப்பு என்னுடையது, கேட்டை மட்டும் பூட்டாதீர்கள் என்று கேட்கப்போகிறேன். பெட்டியும் கட்டிவிட்டேன்.

சித்தப்பாவுக்கு வணக்கமும், தம்பிகளுக்கு என் முத்தமும், அம்மாவுக்கு என் பல் நன்றாக இருக்கிறது என்ற செய்தியும் சொல்லவும். அப்பாவுக்குச் சாப்பிட்டு முடித்த பிறகு வணக்கம் சொல்லவும்.

கீழ்ப்படிதலுள்ள,
உங்கள் மகள் மாதிரியான மகள்

பி.கு.: சித்தி, மேலே உள்ள எதையும் அப்பாவிடம் சொல்லாதீர்கள். கிழித்துப் போட்டிருக்கலாம், ஆனால் இவ்வளவு நீளமாக நான் எதையும் எழுதியதில்லை, மனசு வரவில்லை. அந்த அதிகாரி இன்றைக்கே வந்துவிட்டார். இரண்டு தெருக்காரர்களையும் உட்காரவைத்துப் பதிவைப் போட்டார். “இது உறுதிமொழியா, மிரட்டலா?” என்றார். நான் எழுந்து நின்றேன். “மிரட்டல்தான் சார். நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். கேட்டை மட்டும் பூட்டிராதீங்க” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

“யாரு மிரட்டினது?” என்று வெல்டர் குதித்தார். “பாத்துக்கிறோம்னா பாத்துக்கிறோம், அவ்வளவுதான்! தினம் ஏழரைக்கு நின்னு பாத்துக்கிறேனா இல்லையா, அவங்களையே கேளுங்க.”

“அண்ணன் அன்னைக்கு எவ்வளவு பாசமா சொன்னாரு, நான் எதிர்லதானே இருந்தேன்” என்றார் தையல்கார அக்கா.

“அப்ப ஏன்க்கா பையை எடுத்துக்கிட்டு எழுந்தீங்க?” என்றேன் நான்.

“காத்து வரலை, எழுந்தேன்.”

“சின்னப் பொண்ணு சார், பயந்த சுபாவம், தமிழும் சரியாப் புரியாது. சத்தமாப் பேசினாலே மிரட்டல்னு நினைச்சுக்குது” என்றார் வெல்டர். இரண்டு தெருத் தலைகளும் சேர்ந்து ஆடின.

அதிகாரி மொழிபெயர்ப்பு சரி என்று எழுதி, மிச்சப் பயிற்சியையும் முடிக்கச் சொல்லிவிட்டார். தலைவிக்கு மறுபடி கண் கலங்கியது. இரண்டு தெருவும் ஒருமனதாக ஒப்புக்கொண்ட முதல் விஷயம் இது, அறிக்கையில் முதல் வரியாக வரவேண்டும் என்றார். அவர்கள் ஒப்புக்கொண்ட விஷயம், எனக்குத் தமிழ் சரியாகத் தெரியாது என்பது. அதை மொழிபெயர்த்ததும் நான்தான்.