இன்னும் ஒரே ஒரு பொதுப்பாடம்

"இன்னும் ஒரே ஒரு பாடம் பாக்கியாம்" என்று மனைவி சொன்னபோது, கடைக்காரர் கேக் பெட்டியின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அவிழ்த்ததைத் திரும்பக் கட்டி, வாங்கிய கடையிலேயே கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தார். கேக்கின் மேல் 'பட்டதாரிக்கு வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தது. அதை வேறு யார் வாங்குவார்கள்?

"எல்லாத்துலயும் பாஸுன்னு சொன்னியேம்மா!"

"பாஸ்தாங்க. கணக்கியல்ல ஒண்ணு விடாம முடிச்சுட்டேன். பொதுப்பாடத்துலதான் ஒண்ணு இடிக்குது. எந்தப் பட்டம் படிச்சாலும் அறிவியல்ல ஒரு பாடம் எடுக்கணும். நான் வானியல் எடுத்தேன். லேப் இருக்கிற அறிவியல்தான் செல்லுமாம். வானியல்ல லேப் இல்ல."

"அதெப்படி இல்லாம போச்சு?"

"வானத்தை எப்படிங்க லேபுக்குள்ள கொண்டு வருவாங்க?" என்று கேட்டுவிட்டு, கேக்கின் ஓரத்தை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். எதற்கும் பதறாத சுபாவம் அவளுக்கு.

பதற வேண்டியவர் கடைக்காரர்தான். அன்று காலையில்தான் மச்சானைக் கூப்பிட்டு, "நாளையிலேர்ந்து நீ வர வேணாம்ப்பா. உங்க அக்கா வந்துடுவா" என்று சொல்லியிருந்தார். அதையும் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

அவருடையது குழாய், ஆணி, பூட்டு, பெயிண்ட் எல்லாம் விற்கும் கடை. கல்யாணமான நாளிலிருந்து கல்லாவில் உட்கார்ந்தது அவள்தான். உடைந்த துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் வாசற்படி ஏறும்போதே, எந்த அலமாரியில் எந்தத் தட்டு என்று சொல்லிவிடுவாள். திடீரென்று ஒருநாள், "நான் காலேஜுக்குப் போகட்டுமா?" என்று கேட்டாள். மாலைக் கல்லூரிதானே என்று அவரும் சம்மதித்தார். பட்டம் வாங்கியதும் கல்லாவுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று மட்டும் பேச்சு. அதுவரை தற்காலிகமாக அவள் தம்பி.

தற்காலிகம் என்றாலும் அவன் செய்த வேலையெல்லாம் நிரந்தரமாக நின்றது. குழாய் கேட்டவருக்குப் பூட்டைக் கொடுப்பான். பூட்டு கேட்டவரை நாளைக்கு வரச் சொல்வான். பழைய வாடிக்கையாளர்கள் எதிர்ச்சாரியில் இருந்த இன்னொரு கடைக்கு, இவர் கண்ணில் படாமல் இருக்கக் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். மழை இல்லாத நாளில்கூட. இன்னும் ஒரு வருஷம் இவன் கல்லாவில் உட்கார்ந்தால் கடையை இழுத்து மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது.

ஆனாலும் அவனைவிட்டால் ஆள் ஏது? போன் செய்தார்.

"மாமா, வேலையை விட்டு அனுப்பினவனைத் திரும்பக் கூப்பிடறீங்க. எனக்கும் ஒரு மரியாதை வேணும்ல?"

"என்னடா வேணும்?"

"சுத்துற நாற்காலி."

சுற்றுகிற நாற்காலி வந்தது. அன்றிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டும் அவனால் உட்கார முடிந்தது.

மறுநாள் கடைக்காரர் நேராகக் கல்லூரிக்குப் போய்ப் பாட ஆலோசகரைப் பார்த்தார். சின்ன வயதுப் பெண். மேஜை மேல் பல நிறங்களில் பேனாக்கள் வைத்திருந்தாள்.

"ஏம்மா, கணக்குப் படிக்க வந்தவளுக்கு வானம் எதுக்கு, லேப் எதுக்கு? என் கடைக்கு ஆணி வாங்க ஒருத்தர் வர்றார். ஒரு சுத்தியல், ஒரு பூட்டு, ஒரு பெயிண்ட் டப்பா எல்லாம் வாங்கினாத்தான் ஆணி தருவேன்னு சொன்னா, சும்மா விடுவாரா?"

"ஆணி வாங்கறவருக்குச் சுத்தியல் வேணும்ல சார்?"

வியாபாரி என்ற முறையில் அந்தப் பதில் கடைக்காரருக்குப் பிடித்திருந்தது.

அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். "ஒரு துறையை மட்டுமே படிச்சா மத்த எதுவுமே தெரியாமப் போயிடும் சார். அதனால அறிவியல், கலை, வரலாறு, மொழி எல்லாத்துலயும் ஒவ்வொண்ணு. எந்தப் பாடத்தை வேணும்னாலும் எடுக்கலாம். ஆனா அது எந்தப் பிரிவுல சேரும்னு பார்த்து எடுக்கணும்."

"அரை இஞ்ச் பைப்பை வளைச்சு விட அரை இஞ்ச் எல்போதான் சேரும். முக்கால் இஞ்ச் சேராது. அப்படித்தானே?"

"ரொம்பச் சரி சார்."

"இதை என் வீட்டம்மாகிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"கேக்கறவங்க எல்லாருக்கும் விளக்கமா சொல்லித்தான் சார் அனுப்பறேன்" என்றாள் அவள், ஒரு பேனாவுக்கு மூடி போட்டபடி.

அடுத்த செமஸ்டர் மனைவி நிலவியலில் சேர்ந்தாள். லேப் இருந்தது. அந்த லேப் வீட்டுக்கும் வந்தது. சாப்பாட்டு மேஜையில் கல், ஜன்னலில் கல், அவர் செருப்புக்குள்ளும் ஒருநாள் ஒரு கல். வீட்டில் இடம் போதாமல் கொஞ்சத்தைக் கடைக்குக் கொண்டுபோய் வைத்தார். மச்சான் அதில் ஒன்றைக் கத்தி தீட்டும் கல் என்று ஒரு தாத்தாவுக்கு விற்றுவிட்டான். பரீட்சைக்குக் காட்ட வேண்டிய கல் அது. கடைக்காரர் தெருத்தெருவாக விசாரித்து, அந்தத் தாத்தாவின் வீட்டைக் கண்டுபிடித்தார்.

"தர மாட்டேன். இந்த மாதிரி தீட்டுற கல்லை நான் பார்த்ததே இல்ல" என்றார் தாத்தா, கத்தியை உயர்த்திக் காட்டி.

கத்தியைக் கையில் வைத்திருப்பவரிடம் எவ்வளவு நேரம் வாதாட முடியும்? கடையிலிருந்து நல்ல தீட்டுகல் இரண்டு கொடுத்துத்தான் அதை மீட்டு வந்தார்.

நிலவியலில் அவள் முதல் இடம். கடைக்காரர் இந்த முறை கேக் வாங்கவில்லை. மச்சானை மட்டும் நிறுத்தினார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் மனைவி, "ஒரு சின்ன விஷயம்" என்றாள்.

அவர் உட்கார்ந்துகொண்டார்.

"அப்போ வானியலும் ஓவிய வகுப்பும் ஒரே நேரத்துல வந்துச்சுங்க. அதனால ஓவியத்தை விட்டுட்டு, நாற்காலிகள் எப்படி உருவாச்சுன்னு ஒரு பாடம் எடுத்தேன். ராஜா உட்கார்ந்தது, நீதிபதி உட்கார்ந்தது எல்லாம் வரும். அது கலைப்பாடம்னு நினைச்சேன். இப்பப் பார்த்தா வரலாறுல சேர்த்திருக்காங்க. வரலாறு ஏற்கெனவே இருக்கு. கலை இல்ல."

"நாற்காலியா? நான் ஒரு நாற்காலியால படற பாடு போதாதா?"

மச்சான் இந்த முறை கேட்டது, 'மேலாளர்' என்று எழுதிய பலகை. கல்லாவுக்கு மேலே மாட்டச் சொன்னான். ஆணி அடிக்கக்கூட அவனுக்கு வரவில்லை. கடைக்காரர்தான் ஏணி மேல் ஏறி அடித்தார்.

ஏணியிலிருந்து இறங்கும்போதே அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "இந்தத் தடவை பாடத்தை நானே பார்த்து எடுக்கறேன். நீ ஏமாந்துடறே."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்றாள் மனைவி. அவள் முகம் லேசாக வாடியது. நம் மேல் எவ்வளவு அக்கறை என்று அவர் உருகிப்போனார்.

ஆலோசகர் முன்னால் உட்கார்ந்து, பைப்புக்கு எல்போ பார்ப்பதுபோல ஒவ்வொரு பாடமாகப் பொருத்திப் பார்த்தார். மாலையில் நடப்பது, கலைப் பிரிவில் சந்தேகமில்லாமல் சேருவது என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் தேறியது. நாடகம்.

முதல் வகுப்பு முடிந்து வந்த மனைவி உற்சாகமாக இருந்தாள். "ஒரு ஆள் குறையுதாம். நாளைக்குள்ள யாரும் சேரலேன்னா வகுப்பையே ரத்து பண்ணிடுவாங்களாம். பாவம், நீங்க இவ்வளவு கஷ்டப்பட்டுத் தேடினீங்க."

கடைக்காரர் எழுந்து சட்டையை மாட்டினார்.

"எங்கங்க கிளம்பிட்டீங்க?"

"அந்த ஒரு ஆளைச் சேர்க்க."

ஒரு பாடத்துக்கு மட்டும் யார் வேண்டுமானாலும் சேரலாமாம். இப்படியாக, குழாய்க் கடைக்காரர் நாடக மாணவரானார். மாலை நேரத்தில் கடையை முழுசாக மச்சான் கையில் ஒப்படைத்தார். ஒப்படைக்கும்போது அவர் கண்கள் கலங்கியதை மச்சான் தன் மேல் உள்ள பாசம் என்று எடுத்துக்கொண்டான்.

அவர் போன முதல் நாள் ஆசிரியை எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்தார். "உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு பொருளா மாறுங்க."

இளவட்டங்கள் மரமாகவும் பூனையாகவும் மாறினார்கள். கடைக்காரர் ஒரு கையை வளைத்து மூக்குக்கு முன்னால் தொங்கவிட்டு, நாக்கால் சொட்டுச் சொட்டாகச் சத்தம் எழுப்பினார். ஒழுகுகிற குழாய். வகுப்பே கைதட்டியது.

"அங்கிள், நிஜமாவே ஒழுகற மாதிரி இருந்துச்சு!"

"வாஷர் போன குழாய் இப்படித்தான் சொட்டும்ப்பா. மரை போயிருந்தா வேற மாதிரி" என்று அதையும் செய்து காட்டினார். இரண்டாவது கைதட்டல் முதலாவதைவிடப் பெரிதாக இருந்தது.

மூலையில் நின்றிருந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

அன்றிலிருந்து வகுப்பு முடிந்ததும் இருவரும் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தே வந்தார்கள். வழியெல்லாம் வசனம். அவள் மகாராணி, அவர் வாயில்காப்போன். "யாரங்கே?" என்று அவள் நடுத்தெருவில் குரல் கொடுத்தால், "உத்தரவு மகாராணி!" என்று அவர் குடையை ஈட்டியாக்கிக்கொண்டு நிற்பார். எதிரே வருபவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

"அழற பயிற்சியில நிஜமாவே அழுதீங்களே, யாரை நினைச்சுக்கிட்டீங்க?"

"உன் தம்பியை."

அவள் சிரித்துச் சிரித்து ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமானதிலிருந்து சரக்கு வந்ததா, பாக்கி வசூலானதா என்பதைத் தாண்டி அவர்கள் பேசியதே குறைவு. இவ்வளவு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்த பெண்ணை இப்போதுதான் யாரோ அறிமுகப்படுத்தி வைத்ததுபோல் இருந்தது அவருக்கு. மாலை எப்போது வரும் என்று பகலெல்லாம் கடிகாரத்தைப் பார்த்தார். மச்சான் எதை யாருக்கு விற்றான் என்று கேட்க மறந்தார்.

நாடகம் அரங்கேறிய அன்று மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் மகாராணி முன் வாயில்காப்போன் ஓடி வந்து, "எதிரிப் படை வந்துவிட்டது!" என்று சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் அவருக்குப் பெரிய வசனம். ஓடி வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். வசனம் போன இடம் தெரியவில்லை. நாக்கு பழகிய வழியில் போய்விட்டது.

"சில்லறை இருக்கா?"

மண்டபம் அதிர்ந்தது. மகாராணி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "எதிரிக்குக் கொடுத்தனுப்பவா? கஜானா காலி என்று சொல்!" என்றாள் கம்பீரமாக. அதற்கப்புறம் எதிரிப் படை வந்ததையே யாரும் கவனிக்கவில்லை.

இருவரும் பாஸ். ஆசிரியை கடைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லாப் பிரிவிலும் எல்லாப் பாடமும் முடிந்தது. பட்டத்துக்கு இனி ஒரு தடையும் இல்லை.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது இருவரும் அவ்வளவாகப் பேசவில்லை. கதவைத் திறக்கும்போது மனைவி, "திங்கட்கிழமையிலேர்ந்து கல்லாவுக்கு வந்துடறேங்க" என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவர் நாற்காலி வாங்கினார், பலகை அடித்தார், கத்தி பிடித்த தாத்தாவிடம் கெஞ்சினார். இப்போது கேட்டதும் சந்தோஷம் வரவில்லை. திங்கட்கிழமை முதல் இவள் "அடுத்தது யாருங்க?" என்பாள், இவர் "உத்தரவு" என்று சொல்ல முடியாது. சரக்கு, பாக்கி, சரக்கு, பாக்கி. மச்சானை இனி வர வேண்டாம் என்று சொல்லப் போனை எடுத்தவர், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

மறுநாள் "பேங்க் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்று பொய் சொல்லிவிட்டுக் கல்லூரிக்கு வந்தார்.

ஆலோசகர் எழுந்து நின்று வரவேற்றாள். "வாங்க சார்! வாழ்த்துகள். ஒருவழியா அம்மா முடிச்சுட்டாங்க!"

"ஆமாம்மா" என்று நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். பேனாக்களில் ஒன்றை எடுத்து உருட்டினார். "எனக்கு ஒரு உதவி பண்ணணும். அவளுக்குத் தெரியக் கூடாது."

"சொல்லுங்க சார்."

"அவளுக்கு இன்னொரு பட்டத்துல இடம் வேணும். நானும் கூடச் சேர்ந்துடறேன். எல்லாப் பாடமும் எடுத்துப் படிக்கறோம். ஒண்ணே ஒண்ணு மட்டும்..." குரல் ரகசியமாக இறங்கியது. "கடைசியில பட்டம் கைக்கு வராம இழுத்துக்கிட்டே போகணும். எந்தப் பாடத்தை எடுத்தா எந்தப் பிரிவுலயும் சேராது?"

அவளுக்குக் கோபம் வரும், இல்லையென்றால் சிரிப்பாவது வரும் என்று எதிர்பார்த்தார். இரண்டும் வரவில்லை. வழக்கமான வாடிக்கையாளருக்கு வழக்கமான சாமானை எடுப்பதுபோல, அவள் அலட்டிக்கொள்ளாமல் இழுப்பறையைத் திறந்தாள்.

"ஒவ்வொரு தடவையும் சேர்றதுக்கு முன்னாடி உங்க வீட்டம்மா என்கிட்ட கேக்கற கேள்விதானே சார் இது!"