ஏழரை மணி உத்தரவு

கரோங்கா,
மழை விட்ட வியாழக்கிழமை.

மூத்தவள் துசெகிலே அக்காவுக்குத் தம்பி க்வமாகா பணிவோடு எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே ஏரியும் சுகம், கொசுக்களும் சுகம், நானும் இருக்கிறேன்.

தலைநகரில் அத்தான் எனக்குப் பார்த்து வைத்திருக்கும் வேலைக்கு மாதம் முடிவதற்குள் பதில் கேட்டிருந்தாய். வெள்ளை ஜீப், ஏசி அறை, எல்லாம் சரிதான். நான் வரவில்லை. கோபப்படாமல் முழுக்கப் படி.

போன மாதம் ஒரு பெண் காலை ஏழு மணிக்கு இடுப்பு வலியோடு எங்கள் சுகாதார நிலையத்துக்கு வந்தாள். பூட்டிய கதவுக்கு வெளியே, படியிலேயே பிரசவம் ஆகிவிட்டது. நர்சுகள் வந்தது ஒன்பதரைக்கு. குழந்தை தங்கவில்லை. அதன் தகப்பன் என்னைத் திட்டவில்லை அக்கா. "டாக்டர், இங்க எத்தன மணிக்குத் தெறப்பீங்க?" என்று மட்டும் கேட்டான். நிலையத்தின் பொறுப்பாளர் நான்.

அடுத்த வாரமே எங்களைப் போன்ற பொறுப்பாளர்களுக்கு மாவட்டத்தில் நிர்வாகப் பயிற்சி. மருந்து கொடுக்கப் படித்தோமே தவிர, ஆட்களை வைத்து வேலை நடத்த எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? பயிற்சி கொடுத்த அம்மாள், "புதுசா எதையும் கேக்காதீங்க. கையில இருக்கறத வச்சு ஒரே ஒரு குறையத் தீத்துட்டு வாங்க" என்றார். நான் எழுந்து நின்று, ஏழரைக்குக் கதவு திறப்பேன் என்று அத்தனை பேர் முன்னாலும் சபதம் போட்டுவிட்டேன். திரும்பி வந்து பெரிதாக 7.30 என்று எழுதி ஒட்டினால், சாரலில் மை வழிந்து ஏழு ஒன்றாகி, நோயாளிகள் மத்தியானம் ஒன்றரைக்கு வந்து நிற்கிறார்கள். சரி, வருகைப் பதிவேடு வைப்போம் என்று வைத்தால், மூன்று நாளாக எல்லாரும் ஏழரைக்கே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அத்தனையும் ஒரே கையெழுத்து, காவலாளியைக் கூப்பிட்டுக் கேட்டால், "அவங்களுக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு நாந்தான் போட்டேன்" என்கிறான். கடைசியில் கூட்டம் கூட்டினேன், டீ யார் போடுவது என்பதிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது.

அப்போதுதான் மூத்த நர்சு அலினானே எழுந்தாள்.

"செவுத்துல எழுதுனீங்க, நோட்டுல எழுதுனீங்க. ஏன் லேட்டுன்னு வாயத் தெறந்து ஒரு தடவ கேட்டீங்களா?"

"சரி, ஏன் லேட்டு?"

"எங்க குவார்ட்டர்ஸ் பம்பு ஒடஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. அஞ்சு மணிக்கு வாளியோட ஊர்ப் பம்புல நின்னா, முறை வர எட்டரை ஆவுது."

"நம்ம நிலையத்துத் தொட்டியில தண்ணி தளும்புதே!"

"தளும்புது. கொழாய்க்குப் பூட்டுப் போட்டது யாரு?"

எல்லாரும் என் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைப் பார்த்தார்கள். பொறுப்பேற்ற முதல் நாளே, தண்ணீர் வீணாகிறது என்று பூட்டியவன் நான்தான். என் வீட்டில் குழாய் இருக்கிறதே, எனக்கு எப்படி உறைக்கும்! அக்கா, பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். அது விழுங்கவில்லை என்பதால் நேரே போய்ப் பூட்டைக் கழற்றினேன்.

திங்கட்கிழமை ஏழு இருபதுக்கு அலினானே வாசலில் நின்றாள். புதன்கிழமை ஏழே முக்காலுக்கு ஒருவன் நிறைமாத மனைவியைச் சைக்கிள் பின்சீட்டில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். அவளுக்கு வலிப்பு வெட்டி வெட்டி இழுத்தது. நான் ஆம்புலன்சைக் கூப்பிட ஓடினேன். அலினானே ஊசி போட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆம்புலன்சில் தானே கூட ஏறிப் போனாள். மாவட்ட ஆஸ்பத்திரியில் தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. பெண் குழந்தை. ஒன்பதரைக்குத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆகவே அத்தானுக்கு என் நன்றியையும் மன்னிப்பையும் சேர்த்தே சொல்லிவிடு. இங்கிருந்து நான் நகர்வதாக இல்லை. உன் வீட்டில் அடுப்பு அணையாமல், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வராமல் கர்த்தர் காக்கட்டும்.

உன் பிடிவாதக்காரத் தம்பி,
க்வமாகா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. மலைக்கு அந்தப்புறம் ஒரு நிலையமாம், பதினொரு மணிக்குத்தான் திறக்கிறார்களாம். நகர்கிறேன், ஆனால் அங்கேதான். அத்தானுக்குப் பதில் அதே பதில். இங்கே இனி அலினானே பொறுப்பாளர். இன்று வெள்ளிக்கிழமை, விடைபெறுகிற சோகத்தில் மெதுவாக எட்டு மணிக்குப் போனேன். "திங்கக்கெழம வரைக்கும் நீங்க இங்க ஸ்டாஃபுதானே டாக்டர்?" என்று கேட்டு, எடை மெஷின் பக்கம் கையைக் காட்டினாள். முப்பத்தொரு குழந்தைகளை எடை போட்டேன். நாலு பேர் என் சட்டையை நனைத்தார்கள். அவள் சிரிக்கக்கூட இல்லை.