குழாய் வழியாகப் பாயசம்

பாதி பௌதிகம் படித்த பெண் வீட்டில் இருந்தால், கல்யாணத்தைக் கோயிலில் வைத்துக்கொள்வது நல்லது. எழுபதுகளின் கடைசியில் குரும்பகரத்தில் எங்கள் வீட்டில் அந்தப் பெண் நான்தான். காரைக்கால் கல்லூரியில் இரண்டாம் வருஷம். யாரும் கேட்காமலே விளக்கம் சொல்கிற வயசு.

அக்கா கல்யாணத்தன்று ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சமையல் கொல்லையில், பந்தி வாசல் பந்தலில். வீட்டுக்குள் கூட்டத்தில் கால் வைக்க இடமில்லை. பக்கத்துச் சந்தோ சேறு. அதில் சித்தப்பா சாம்பார் வாளியோடு விழுந்தார். (எல்லோரும் சாம்பாருக்காகத்தான் வருத்தப்பட்டார்கள்.)

விடுவேனா நான்? தோட்டத்துக்கு வாங்கிய புதுக் குழாயை வெந்நீரில் கழுவி, கொல்லையை ஒட்டிய பரணிலிருந்து விட்டத்தோடு கட்டிப் பந்தல்வரை இழுத்துவிட்டேன். மேலே ஒரு புனல், கீழே வாளி.

"இது சொதப்புச்சுன்னா நாளையிலேர்ந்து காலேஜ் கிடையாது" என்றார் அப்பா. ரொம்ப நாளாகவே அவர் ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தார்.

ரசம் சீறிக்கொண்டு போனது. பந்தியே கைதட்டியது. நான் பரணில் மகாராணியாக உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து ஜவ்வரிசிப் பாயசம். உள்ளே போனது, வெளியே வரவில்லை. கல்லூரியில் அதற்கு முந்தின வாரம்தான் தண்ணீரையும் கிளிசரினையும் ஒரே மாதிரிக் குழாய்களில் விட்டுக் காட்டினார்கள். தண்ணீர் நழுவி ஓடும். கெட்டியானது குழாயின் சுவரைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கும். ஆறினால் இன்னும் மோசம். அன்றைக்கு நான் தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டுக் கேண்டீனுக்குப் போயிருந்தேன்.

"சம்பந்தி காத்திருக்காருடி!" என்று அப்பா கத்தினார்.

சைக்கிள் பம்ப்பை எடுத்துத் துணி சுற்றிக் குழாயில் செருகி அடித்தேன். அசையவில்லை. மூச்சைப் பிடித்து இன்னும் அடித்தேன். அடைப்பு கொஞ்சம் நகர்ந்தால் தடை குறையும், தடை குறைந்தால் வேகம் கூடும். இந்த இடத்துக்கு நான் யோசித்து வருவதற்குள் பாயசம் புறப்பட்டுவிட்டது.

பந்தலில் குழாயைப் பிடித்திருந்த சித்தப்பா, அந்த நேரம் பார்த்து "ஒண்ணும் வரலியே!" என்று என் பக்கம் திரும்பினார். குழாயின் வாய் முதல் இலைப் பக்கம் திரும்பியது. முதல் இலையில் மாப்பிள்ளையின் அப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், முறுக்கு மீசை.

மேளம் நின்றுபோனது. அவர் மீசையிலிருந்து ஒரு ஜவ்வரிசியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இந்தோசீனாவுல அத்தனை வருஷம் சண்டை போட்டேன், ஒரு குண்டு மேல படலை. குரும்பகரத்துல பட்டுடுச்சு!"

பந்தலே சிரித்தது. அப்பா மட்டும் கைகூப்பி நின்றார்.

"மன்னிச்சுக்குங்க சம்பந்தி. இனிமே அவ காலேஜ் பக்கமே போக மாட்டா."

"அதெப்படிங்க? பாதி படிச்சதுக்கே இந்த அடி. முழுசா படிக்க வைங்க, இல்லேன்னா ஊருக்கு ஆபத்து. இனிப்பு நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் வரட்டும். வாளியிலயே வரட்டும்."

காலியான குழாயில் காதை வைத்துக்கொண்டு பரணிலேயே இதையெல்லாம் கேட்டேன். சந்தோஷத்தில் அழுதேவிட்டேன்.

சம்பந்தி பேச்சை அப்பாவால் தட்ட முடியவில்லை. நான் முழுசாகப் படித்தேன், முப்பது வருஷம் பௌதிகமும் சொல்லிக்கொடுத்தேன். அக்கா வீட்டு விசேஷங்களில் இன்றைக்கும் பாயசம் பரிமாறுவது நான்தான். நான் கரண்டியோடு வருவதைப் பார்த்ததும் மொத்தப் பந்தியும் இலையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்ளும்.